தேறியது எதனால்? பக்கவாதத்துக்குப் பிறகு மாற்று வழி தேடும் குடும்பங்கள்

2014 அக்டோபர் 26 அன்று, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து லப்பக் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்த கோர்டி ஹவுக்குப் பக்கவாதம் வந்தது. அப்போது அவருக்கு வயது 86. வலப்பக்கம் தளர்ந்தது, பேச்சு குழறியது. ஹவ் சாதாரண ஆள் இல்லை. 1946இல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியில் சேர்ந்து, ஓய்வு பெற்று, பிறகு தன் இரண்டு மகன்களோடு ஒரே அணியில் ஆடுவதற்காகத் திரும்பி வந்து, 52 வயது வரை ஐஸ் ஹாக்கி ஆடிய கனடியர். வட அமெரிக்காவில் அவரை 'மிஸ்டர் ஹாக்கி' என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்ட உடல் படுக்கையில் விழுந்ததைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. நான்கு பிள்ளைகளில் ஒருவரான மர்ரே ஹவ் மருத்துவர், கதிரியக்கவியல் நிபுணர். குடும்பம் இறுதிச் சடங்கைப் பற்றிக்கூடப் பேச ஆரம்பித்திருந்தது.

அந்தச் சமயத்தில் சான் டியேகோவைச் சேர்ந்த ஸ்டெமெடிகா என்ற ஸ்டெம் செல் நிறுவனத்திடமிருந்து அழைப்பு வந்தது. உடலின் வேறு வகைச் செல்களாக மாறி வளரக்கூடிய மூலச் செல்களைத்தான் ஸ்டெம் செல் என்கிறார்கள். அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த அவர்களுடைய சோதனையில் ஹவைச் சேர்க்க முடியாது. பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. எல்லையைத் தாண்டி மெக்சிகோவின் டிஹுவானாவுக்கு வந்தால் அந்த விதி இல்லை. டிசம்பர் 8, 9 தேதிகளில் அங்கே ஒரு மருத்துவமனையில் முதல் நாள் முதுகுத்தண்டு வழியாக நரம்பு ஸ்டெம் செல்களும், மறுநாள் ரத்தக் குழாய் வழியாக வேறொரு வகை ஸ்டெம் செல்களும் ஏற்றப்பட்டன. மற்றவர்கள் பல்லாயிரம் டாலர் கொடுத்துப் பெறும் இந்தச் சிகிச்சை ஹவுக்கு இலவசமாகக் கிடைத்தது.

முதல் ஊசி போட்டுச் சில மணி நேரத்தில் அப்பா எழுந்து கழிவறைக்கு நடந்து போக வேண்டும் என்றார், பேசினார், நகைச்சுவை செய்தார் என்று மகன்கள் ஊடகங்களிடம் சொன்னார்கள். 2015 பிப்ரவரி 6 அன்று கனடாவின் சாஸ்கட்டூன் நகரில் ஒரு பாராட்டு விருந்துக்கு ஹவ் நேரிலேயே வந்தார். வேய்ன் கிரெட்ஸ்கி போன்ற ஐஸ் ஹாக்கி நட்சத்திரங்கள் வந்திருந்த அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மருத்துவரான மகனே கண்ணால் கண்டு சாட்சி சொல்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று உலகமெங்கும் பக்கவாத நோயாளிகளின் வீடுகளில் கேட்டிருப்பார்கள்.

ஹவ் தேறினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எதனால் தேறினார் என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு நோயாளியைப் பார்த்து, அவர் மருத்துவரின் அப்பாவாகவே இருந்தாலும், இதற்குப் பதில் சொல்ல வழியே கிடையாது. காரணம் பக்கவாதம் என்ற நோயின் இயல்பிலேயே இருக்கிறது.

மூளைக்குப் போகும் ஒரு ரத்தக் குழாய் அடைபட்டால், அதை மட்டுமே நம்பியிருந்த பகுதி சில நிமிடங்களில் செத்துவிடுகிறது. அந்தச் செல்கள் திரும்பி வருவதில்லை. ஆனால் முதல் வாரத்தில் நோயாளியிடம் நாம் பார்க்கும் ஊனம் முழுவதும் செத்துப்போன செல்களால் வந்ததில்லை. செத்த பகுதியைச் சுற்றி வீங்கி, வேலை செய்ய முடியாமல் கிடக்கும் பகுதி ஒன்று உண்டு. அதற்கும் அப்பால், அடிபட்ட இடத்தோடு நரம்புத் தொடர்பு வைத்திருந்ததாலேயே ஊமையாகிவிட்ட தொலைதூரப் பகுதிகளும் உண்டு. இந்த இரண்டாவது விஷயத்தைக் கான்ஸ்டன்டின் ஃபான் மோனக்கோவ் என்ற நரம்பியல் அறிஞர் 1914லேயே விளக்கிவிட்டார். வீக்கம் வடிய வடிய, ஊமையான பகுதிகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ள, எந்த மருந்தும் இல்லாமலேயே கை கொஞ்சம் அசையும், வாய்க் கோணல் குறையும், சொற்கள் திரும்பும். கூடவே, மிஞ்சிய மூளை இழந்த வேலையை எடுத்துச் செய்யப் பழகுகிறது. பயிற்சி உதவுவது இந்த இடத்தில்தான்.

இதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். 1990களில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1,197 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில், நூற்றுக்கு 95 பேர் தாங்கள் எட்டக்கூடிய உயரத்தைப் பன்னிரண்டரை வாரத்துக்குள் எட்டிவிட்டார்கள். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சில வாரங்கள் கூடுதலாயின.

இப்போது ஹவின் நாட்களை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். பக்கவாதம் வந்து ஆறாவது வாரத்தில் டிஹுவானா. ஏறக்குறைய பதினைந்தாவது வாரத்தில் சாஸ்கட்டூன் அரங்கம். இயற்கை தானாகவே வேகமாக வேலை செய்யும் அதே மாதங்கள் இவை. அந்தக் காலத்தில் ஸ்டெம் செல் கொடுத்தாலும், தைலம் தேய்த்தாலும், மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாலும் நோயாளிகளில் பலர் தேறத்தான் செய்வார்கள். பாராட்டு மட்டும் கடைசியாகக் கை வைத்தவருக்குப் போய்ச் சேரும். இத்தகைய சோதனைகளில் ஆறு மாதம் கழியட்டும் என்று நிபந்தனை வைப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். தானாக வரும் முன்னேற்றம் அடங்கி நிலை ஒரு மட்டத்துக்கு வந்த பிறகு கொடுத்துப் பார்த்தால்தான் மருந்தின் வேலை தனியாகத் தெரியும். குடும்பத்தின் கண்ணுக்கு அது ஈவிரக்கமற்ற தடையாகப்பட்டது. தந்தை ஆறு மாதம் தாங்குவாரா என்ற பயத்தில் இருப்பவர்களிடம் ஆய்வு முறையைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வராது என்பதும் உண்மை.

ஹவின் கதையில் இன்னொரு சின்ன விவரம் இருக்கிறது. சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பு, டிசம்பர் 1 அன்று, மீண்டும் பக்கவாதம் என்று பயந்து அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிறகுதான் அது உடலில் நீர்ச்சத்து வற்றியதால் வந்த தளர்ச்சி என்று தெரிந்தது. வயதானவர்களுக்கு நீர்ச்சத்து குறைந்தால் தூங்கி வழிவார்கள், பேச்சு தடுமாறும், கால் நிற்காது. அது சரியானதும் ஓரிரு நாளில் வேறு மனிதராகத் தெரிவார்கள். ஹவ் எழுந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஸ்டெம் செல் சில மணி நேரத்தில் நரம்புச் செல்லாக வளர்ந்து இணைப்புப் போட்டு ஒருவரை நடக்கவைக்கும் என்பதைவிட இது நம்பக்கூடியது. ரத்தத்தில் ஏற்றும் ஸ்டெம் செல்களில் பெரும்பகுதி முதலில் நுரையீரலின் நுண்குழாய்களில்தான் சிக்கிக்கொள்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஸ்டெம் செல் ஆய்வாளர் பால் நோஃப்லர் உள்ளிட்ட சிலர் அப்போதே கேள்வி எழுப்பினார்கள். கைதட்டல் ஓசையில் அது பெரிதாக யார் காதிலும் விழவில்லை.

குடும்பம் ஒரு புது வைத்தியரைத் தேடி ஓடும் நாள் எது என்று யோசித்தால் இந்த மயக்கம் இன்னும் தெளிவாகும். நோயாளி நன்றாகச் சாப்பிட்டு, நாலடி நடந்த நாளில் யாரும் ஓடுவதில்லை. காய்ச்சல் வந்து, சாப்பாடு இறங்காமல், "இனி அவ்வளவுதான்" என்று தோன்றும் நாளில்தான் ஓடுகிறார்கள். எந்த நோயிலும் மிக மோசமான நாளுக்கு அடுத்த நாட்கள் பெரும்பாலும் கொஞ்சம் மேலாகத்தான் இருக்கும். வைத்தியர் அந்த மேட்டில் ஏறி நின்றுகொள்கிறார். அவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஆண்டுக் கணக்கில் இதே காட்சியைப் பார்த்துவரும் அவரும் தன் கை ராசியை மனதார நம்பிக்கொண்டிருப்பார்.

ஹவ் 2016 ஜூன் 10 அன்று, 88 வயதில் இறந்தார். அதே மாதத்தில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வேறொரு நோயாளியைப் பற்றிய மருத்துவர்களின் கடிதம் வெளியானது. 2009இல் பக்கவாதம் வந்த அமெரிக்கர் அவர். பழைய விளையாட்டு வீரர் ஒருவர் ரஷ்யாவில் ஸ்டெம் செல் போட்டுக்கொண்டு தேறியதாகப் படித்துவிட்டு, சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று மூன்று நாடுகளுக்குப் போய், முதுகுத்தண்டு வழியாகச் செல்களைப் போட்டுக்கொண்டார். பயணச் செலவும் சேர்த்து ஏறக்குறைய மூன்று லட்சம் டாலர் செலவானது. பிறகு கால்களின் பலம் குறையத் தொடங்கியது. ஸ்கேன் எடுத்தபோது முதுகுத்தண்டுக் குழாயில் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. அதிலிருந்து எடுத்த துணுக்கை மரபணுச் சோதனை செய்தார்கள். அந்தச் செல்கள் அவருடையவை இல்லை, வேறொரு மனிதருடையவை. வந்த பக்கவாதத்தோடு இதையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாயிற்று. ஹவின் கதையைக் கேட்டவர்களில் எத்தனை பேர் இந்தக் கதையைக் கேட்டிருப்பார்கள்?

ஸ்டெம் செல் ஆராய்ச்சியையே மோசடி என்று தள்ளிவிடவும் முடியாது. ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 18 நோயாளிகளின் மூளையில் நேரடியாகச் செல்களைச் செலுத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தபோது உலகமே பேசியது. பக்கவாதம் வந்து ஓராண்டுக்கும் மேலானவர்களிடமும் முன்னேற்றம் தெரிந்தது. அடுத்த கட்டமாக 163 பேரிடம், அவர்களில் ஒரு பகுதியினருக்கு மண்டையில் ஒப்புக்குத் துளை மட்டும் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தபோது இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இந்தியாவிலும் ஐந்து மருத்துவ மையங்களில் 120 நோயாளிகளிடம், அவரவர் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். 2014இல் வெளியான முடிவு: பாதுகாப்பானது, ஆனால் பலன் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், ரத்த நோய்கள் போன்ற சில அங்கீகரிக்கப்பட்ட நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை போன்றவற்றின் செல்களை மாற்றிப் பொருத்துவது தவிர, முறையான சோதனைக்கு வெளியே ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகக் கொடுப்பது நெறிக்கு மாறானது என்று சொல்கின்றன. நம் ஊரில் பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல் போட லட்சங்களில் பணம் கேட்பவரிடம், "இது எந்தச் சோதனையின் பகுதி, அதன் பதிவு எண் என்ன?" என்று கேட்டால் போதும். உண்மையான சோதனையில் நோயாளியிடம் மருந்துக்குப் பணம் கேட்க மாட்டார்கள்.

பக்கவாதம் வந்து பல ஆண்டு ஆனவர்கள் திடீரென்று தேறுகிறார்களே, அங்கே இயற்கை என்ற விளக்கம் செல்லாதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எட்டனெர்செப்ட் என்ற மருந்தின் கதையில் கிடைக்கிறது. மூட்டுவாதத்துக்காகக் கண்டுபிடித்த மருந்து அது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் போக்கா ரட்டோன் நகரத்து மருத்துவர் ஒருவர் இதைப் பக்கவாத நோயாளிகளின் பிடரியில் ஊசியாகப் போட்டு, தலை கீழே சரியும்படி அவர்களைச் சிறிது நேரம் சாய்த்து வைப்பார். நிமிடங்களில் கை விரிந்தது, பேச்சு வந்தது என்று காட்டும் படங்கள் தொலைக்காட்சிகளில் வந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து குடும்பங்கள் நன்கொடை திரட்டிக்கொண்டு பறந்தன. நோயாளிகளின் வற்புறுத்தலில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதை முறையாகச் சோதித்தார்கள். பக்கவாதம் வந்து 1 முதல் 15 ஆண்டு வரை ஆன 126 பேரில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 28 நாள் கழித்து வாழ்க்கைத் தரத்தை அளந்தபோது மருந்து பெற்றவர்களில் 53 சதவீதத்தினர் முன்னேறியிருந்தார்கள். வெறும் ஊசி பெற்றவர்களில் 58 சதவீதத்தினர்.

இந்த இரண்டாவது எண்ணை இன்னொரு முறை படியுங்கள். மருந்தே இல்லாத ஊசியைப் போட்டுக்கொண்ட, ஆண்டுக் கணக்காகப் பக்கவாதத்தோடு வாழும் மனிதர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே மாதத்தில் தேறியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு பெரிய சிகிச்சை நடக்கிறது என்ற நம்பிக்கையில் வீடே உற்சாகமாகிறது, கைவிட்ட பயிற்சியை மறுபடி தொடங்குகிறார்கள், பல மாதமாக யாரும் தூக்கச் சொல்லாத கையைத் தூக்கச் சொல்கிறார்கள், அது தூக்குகிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. அது சற்று விலகினாலே நடையும் பேச்சும் மாறிவிடும். ஆக ஒரு வைத்தியசாலைக்குப் போனவர்களில் பாதிப் பேர் "எனக்குப் பலன் கிடைத்தது" என்று சத்தியம் செய்தாலும், அங்கே கொடுப்பதில் ஒன்றுமே இல்லாமல் இருக்க இடமுண்டு.

இந்த அளவுகோல் நாட்டு வைத்தியத்துக்கு மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஃபுளுவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் பலத்தைக் கூட்டுகிறது என்று 2011இல் 118 பேரிடம் நடந்த ஆய்வு சொன்னது. உலகெங்கும் நரம்பியல் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2018இல் 3,127 பேரிடம் சோதித்தபோது இயக்கத் திறனில் பலன் ஏதுமில்லை, எலும்பு முறிவுதான் கூடுதலாக இருந்தது. அத்தோடு அந்தப் பேச்சு அடங்கியது. தவறு எல்லா மருத்துவத்திலும் நடக்கும். தவறென்று தெரிந்ததும் கைவிடும் வழக்கம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். ஒருவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டது, வாய் கோணிவிட்டது என்ற செய்தி பரவிய மறுநாளே வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு முகவரியோடு வருவார்கள். மாமா ஒருவர் குமரி மாவட்டத்து வர்ம வைத்தியரைச் சொல்வார். சித்தி, கேரளத்தில் பிழிச்சல் என்ற எண்ணெய்ச் சிகிச்சை எடுத்து எழுந்து நடந்தவரின் கதையைச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் புறா ரத்தம் தடவச் சொல்வார். இந்த நம்பிக்கையால் செத்த புறாக்களுக்குக் கணக்கே இல்லை, குணமானவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு வைத்தவரும் இல்லை. அவரவர் அன்பினால் சொல்வதுதான். சொன்னதைச் செய்யாவிட்டால் "பணத்தைப் பார்த்துக்கொண்டு அப்பாவை விட்டுவிட்டான்" என்ற பேச்சு வரும் என்ற பயமும் மகனுக்கு உண்டு. பாதி வைத்தியங்கள் நோயாளிக்காக நடக்கின்றன, மீதி உறவினர் வாய்க்காக நடக்கின்றன.

ஆனால் குடும்பத்தை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது அநியாயம். மருத்துவமனையில் என்ன நடக்கிறது? சில நாட்கள் தீவிர சிகிச்சை, பிறகு டிஸ்சார்ஜ் சம்மரி. அதன் கடைசி வரியில் 'பிசியோதெரபி தொடரவும்' என்று இருக்கும். யாரிடம், எங்கே, எத்தனை மணி நேரம், பேச்சுக்கு யார், விழுங்குவதற்கு யார், ஒரு முறைக்கு எவ்வளவு பணம், எதுவும் அதில் இருக்காது. அந்த வெற்றிடத்தில்தான் வைத்தியர் வந்து உட்காருகிறார். அவர் செயலிழந்த கையைத் தன் மடியில் எடுத்து வைத்து அரை மணி நேரம் தேய்க்கிறார், பேசுகிறார், "மூன்று மாதத்தில் நடக்க வைக்கிறேன்" என்கிறார். பெரிய மருத்துவர் கட்டில் அருகே நின்ற இரண்டு நிமிடத்தோடு இதை ஒப்பிட்டு நோயாளி எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது தெரிந்ததுதான். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் சேர்ந்திருக்கிறது. நல்ல தொடக்கம்தான். பல வீடுகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

குடும்பத்தினருக்கே பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினால் போதாதா என்று இந்தியாவில் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். 2017இல் வந்த முடிவு ஏமாற்றம்தான். ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறர் உதவியை நம்பி வாழ்பவர்களும் சேர்ந்து, பயிற்சி பெற்ற குடும்பங்களில் 47 சதவீதம், பெறாத குடும்பங்களிலும் 47 சதவீதம். பயிற்சியே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது என்பது என் எண்ணம். ஏற்கெனவே வேலை, சமையல், பிள்ளைகள் என்று திணறும் மனைவியின் தலையிலோ மருமகளின் தலையிலோ ஒரு மருத்துவமனை செய்ய வேண்டிய வேலையை ஏற்றிவைத்து அனுப்ப முடியாது என்றுதான் அந்த எண் எனக்குச் சொல்கிறது.

அப்படியானால் எதற்குத்தான் பலன் உண்டு? கேட்க அலுப்பூட்டும் பதில்: ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப, நிறைய நேரம், செயலிழந்த கையாலேயே செய்வது. எட்வர்டு டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் முன்வைத்த முறையில், நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டுப்படுத்திவிட்டு, தளர்ந்த கையை இரண்டு வாரம், நாளுக்குப் பல மணி நேரம் வேலை வாங்குவார்கள். முதலில் கேட்டவர்களுக்கு அதுவும் விசித்திர வைத்தியமாகத்தான் தெரிந்தது. 222 நோயாளிகளிடம் சோதித்து 2006இல் பலனைக் காட்டினார்கள். கையில் கொஞ்சமாவது அசைவு மிச்சமிருப்பவர்களுக்கே இது பொருந்தும். கழுத்து நரம்பில் ஒரு கருவியைப் பொருத்தி, பயிற்சி செய்யும்போது மெல்லிய மின் தூண்டல் கொடுப்பது இன்னொன்று. கேட்டால் இதுவும் மாந்திரீகம் போலத்தான் இருக்கும். 108 பேரிடம் சோதித்ததில், கருவி வேலை செய்தவர்களில் 47 சதவீதத்தினரும், பொருத்தியும் தூண்டல் தராதவர்களில் 24 சதவீதத்தினரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார்கள். 2021இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. விநோதமாக இருப்பது ஒரு சிகிச்சையைத் தள்ளிவிடக் காரணமாகாது. ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்பதே கேள்வி.

பயிற்சிக்குப் பருவமும் உண்டு. அதே 2021இல் வெளியான 72 பேர் ஆய்வு ஒன்றில், வழக்கமான சிகிச்சைக்கு மேல் 20 மணி நேரக் கைப்பயிற்சியை வெவ்வேறு காலங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது மாதத்துக்கும் மூன்றாவது மாதத்துக்கும் இடையில் பெற்றவர்களுக்குத்தான் அதிகப் பலன். ஆறு மாதம் கழித்துப் பெற்றவர்களுக்குச் சொல்லும்படி எதுவும் இல்லை. இதை வைத்து ஆறு மாதத்தோடு கதவு மூடிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. லண்டனில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் என்று மிகக் கடுமையாகப் பயிற்சி கொடுக்கும் ஒரு மையத்தில், பக்கவாதம் வந்து ஆண்டுகள் ஆனவர்களும் முன்னேறியிருக்கிறார்கள். பின்னால் வந்தால் விலை கூடுதல், அவ்வளவுதான். ஊர் ஊராக வைத்தியர்களைத் தேடிக் காரில் போய்வருவதில் குடும்பம் இழப்பது பணத்தை மட்டும் என்று நாம் நினைக்கிறோம். அந்த இரண்டாவது, மூன்றாவது மாதங்களையும் சேர்த்து இழக்கிறது.

எண்ணெய் தேய்ப்பதால் ஒன்றும் குடி முழுகிவிடாது. தோல் வறளாது, மூட்டு இறுகாமல் அசைத்துக்கொடுக்க ஒரு சாக்கு, தொடுதல் தரும் ஆறுதல். செய்யட்டும். ஆனால் ஆபத்துகள் இருக்கும் இடங்கள் தெரிந்திருக்க வேண்டும். தளர்ந்த தோளைப் பிடித்து இழுத்து முறுக்கினால் மூட்டு நழுவும், பிறகு அந்த வலிக்காகவே நோயாளி பயிற்சியை வெறுப்பார். உணர்ச்சி குறைந்த பக்கத்தில் சூடான கிழியை வைத்து ஒத்தடம் கொடுத்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். விழுங்கும் திறன் திரும்பாதவருக்குக் கஷாயத்தை வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகும். பக்கவாதத்துக்குப் பிந்தைய சாவுகளில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பெயரோ உட்பொருளோ எழுதாத பொட்டலத்துச் சூரணத்தில் உலோகம் இருக்கலாம், ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையோடு சேர்ந்து எங்காவது ரத்தக் கசிவை உண்டாக்கலாம். பதிவு பெற்ற சித்த மருத்துவர் என்றால் மருந்தின் பெயரை எழுதிக் கொடுப்பார், கேட்டால் கோபிக்க மாட்டார்.

போவதென்று முடிவு செய்துவிட்ட குடும்பத்தைத் தடுக்க முடியாது, தடுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. போகும் முன் ஒரு வேலை செய்யலாம். அப்பா உதவியில்லாமல் நாற்காலியிலிருந்து எழ எத்தனை நொடி ஆகிறது, பத்தடி நடக்க எவ்வளவு நேரம், டம்ளரைப் பிடிக்க முடிகிறதா, எத்தனை சொல் தெளிவாக வருகிறது என்று ஒரு தாளில் தேதியோடு எழுதி, கைப்பேசியில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரக் குறிப்பும் இருந்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே முன்னேறிக்கொண்டிருந்தாரா என்பது தெரிந்துவிடும். எவ்வளவு நாளில் எது மாறும் என்று வைத்தியரிடமே கேட்டு அதையும் எழுதுங்கள். அந்தத் தேதியில் அதே நாற்காலியில், அதே பத்தடியில் அளந்து பாருங்கள். பிசியோதெரபியை ஒரு நாளும் விடக்கூடாது. கையில் டிஸ்சார்ஜ் சம்மரியும் மாத்திரைச் சீட்டும் இருக்கட்டும். ஒரு முறை பக்கவாதம் வந்தவருக்கு மறுமுறை வருவதைத் தள்ளிவைப்பவை ரத்த அழுத்த மாத்திரையும், அடைப்பினால் வந்ததென்றால் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையும்தான். "இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் என் மருந்து வேலை செய்யும்" என்று ஒருவர் சொன்னால், கொடுத்த முன்பணத்தைக்கூடக் கேட்க வேண்டாம், அப்பாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.